முயலும் பூஞ்சையும்: உண்ணுதல் பற்றிய ஒரு விசாரம்

ஹவுராவின் தென்பகுதியில், ஹூக்ளி நதிக்கரையில், சிப்பூர் என்னுமிடத்தில் பழமையான தாவரவியல் பூங்கா ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் 1787ஆம் ஆண்டில் தோன்றிய அப்பூங்கா, 2009 முதல் ஆசார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே செல்பவர்கள் தவறாமல் காண விரும்புவது ஓர் ஆலமரத்தை. தொலைவிலிருந்து நோக்கினால் அது மரமாகத் தெரிவதில்லை. சிறியதொரு காடாகவே தெரிகிறது. வயது 250 ஆண்டுகளுக்குக் குறையாது என்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் தரையில் ஊன்றித் தூண்களாக நிற்கின்றன. ஆனால் அந்த மரத்துக்கு அடிமரம் இல்லை.

1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வங்காளத்தைத் தாக்கிய புயல்களில் அம்மரத்தின் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்களின் வழியே மரத்தை மக்கச்செய்யும் பூஞ்சை உள்ளே நுழைந்தது. 15 மீட்டருக்கும் அதிகமான சுற்றளவு கொண்டிருந்த தாய்மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிற்று. எஞ்சிய பகுதியைக் காப்பதற்காக 1925இல் அதை வெட்டி அகற்றிவிட்டார்கள்.

இந்த வரலாற்றைக் கேட்கும் எவருடைய முகத்திலும் மரத்தின்மீது இரக்கமும் பூஞ்சையின்மீது அருவருப்பும் ஒருசேரத் தோன்றுவது இயற்கை. ஒரு கற்பனை செய்து பார்க்கலாம். அதே நேரத்தில் அருகிலுள்ள புல்வெளியிலிருந்து காட்டு முயல் ஒன்று தலைநீட்டி, அப்போதுதான் முளைத்த தளிர் ஒன்றைக் கடித்துத் தின்னத் தொடங்குகிறது. அதே மனிதர்கள் என்ன செய்வார்கள்? பேச்சை நிறுத்துவார்கள். குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். முகத்தில் புன்னகை மலரும். தளிரின்மீது இரக்கம் கொள்பவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

முயலும் தாவரத்தைத் தின்று வாழ்கிறது. பூஞ்சையும் அவ்வாறே வாழ்கிறது. இரண்டுக்கும் சூரிய ஒளியிலிருந்து தாமே உணவு தயாரிக்கும் ஆற்றல் இல்லை. இரண்டுமே பச்சை இலை சேர்த்து வைத்ததைப் பறித்தே உயிர் தரிக்க வேண்டும். அப்படியிருக்க ஒன்று சாதுப் பிராணி என்றும் மற்றொன்று கொடிய நோய் என்றும் பெயர் பெறுவது எதனால்? இது அறிவின் தீர்ப்பா, அல்லது வெறும் விருப்பு வெறுப்பா? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இக்கேள்வியைச் சற்றுத் தொடர்ந்து சென்றால் அது மனிதனின் உணவுத்தட்டில் வந்து முடிகிறது.

முயலின் பெருமை

பாரத நாட்டில் எங்கும் காணப்படும் காட்டு முயலுக்குக் கருங்கழுத்து முயல் என்று பெயர். தென்னாட்டு முயலுக்குப் பிடரி கருத்திருக்கும். வங்காளம் முதலிய வடபகுதிகளில் வாழும் அதன் உறவினத்துக்குப் பிடரி பழுப்பாக இருக்கும். கூண்டில் வளர்க்கும் குழிமுயல் வேறு, இது வேறு. குழிமுயல் வளை தோண்டி அதனுள் குட்டி போடும். அக்குட்டிகள் உரோமமின்றிக் கண்திறவாமல் பிறக்கும். காட்டு முயலோ வளை தோண்டுவதில்லை. புல்லை அழுத்தித் தன் உடலளவே ஆன ஒரு பள்ளத்தைச் செய்துகொண்டு அதில் பகல் முழுவதும் அசையாமல் கிடக்கும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது பார்த்தவண்ணமே இருக்கிறது. அச்சமே அதன் வாழ்க்கை. நாளைக்கு என்று அது எதையும் சேர்த்து வைப்பதில்லை.

இந்த எளிய பிராணிக்கு நம் முன்னோர் வானத்தில் இடம் கொடுத்தார்கள். நிலவின் களங்கத்தை முயலாகக் கண்டு சந்திரனுக்குச் சசாங்கன் என்று பெயரிட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் கௌட தேசத்தை, அதாவது வங்காளத்தின் பெரும்பகுதியை ஆண்ட அரசனும் அப்பெயரையே சூடியிருந்தான். புத்த ஜாதகக் கதைகளில் வரும் முயலை அறியாதவர் குறைவு. யாசிக்க வந்த விருந்தினனுக்குக் கொடுக்கத் தன்னிடம் புல்லைத் தவிர வேறு ஏதும் இல்லை, புல்லை மனிதன் உண்ணமாட்டான் என்று எண்ணி, அது தீயில் குதித்துத் தன் உடலையே உணவாகக் கொடுக்கத் துணிகிறது. அக்கதையின் ஆழம் கவனிக்கத்தக்கது. வாழ்நாளெல்லாம் புல்லிடமிருந்து பெற்றே வாழ்ந்த ஓர் உயிர், கொடுக்கவேண்டிய நேரத்தில் தன்னிடம் கொடுப்பதற்குத் தன்னைத் தவிர எதுவும் இல்லை என்று உணர்கிறது. காட்டு முயல் இப்படி எண்ணுவதில்லை. மனிதன் தன் மனத்தில் எழுந்த கடன் உணர்வை முயலின்மேல் ஏற்றிப் பாடினான்.

பூஞ்சைக்கு இத்தகைய கவி கிடைக்கவில்லை.

வாயில்லாமல் உண்பது

பூஞ்சை தாவரமும் அல்ல, விலங்கும் அல்ல. அதற்கு வாய் இல்லை, வயிறும் இல்லை. மெல்லிய இழைகளால் ஆன அதன் உடல், தான் படர்ந்திருக்கும் பொருளின்மீதே செரிமான நீரைச் சுரந்து, வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக் கொள்கிறது. விலங்கு உணவை வயிற்றுக்குள் வைக்கிறது. பூஞ்சை உணவுக்குள் தன்னை வைக்கிறது என்று சொல்லலாம். நெல்லின் செம்புள்ளி நோயை எடுத்துக்கொண்டால், காற்றில் மிதந்துவரும் வித்து ஈரமான இலையில் விழுந்து முளைக்கிறது. இலையின் தோலைத் துளைத்து நுழைகிறது. நஞ்சைச் சுரந்து அங்குள்ள செல்களைக் கொன்று, கொன்றதை உண்கிறது. எள் அளவுப் பழுப்புப் புள்ளிகள் இலையெங்கும் பரவுகின்றன. கதிரையும் தொற்றி மணியைப் பதராக்குகின்றன. துரு நோயின் பூஞ்சை வேறு வகை. அது உயிருள்ள செல்லுக்குள் ஓர் உறிஞ்சுகுழலைச் செலுத்தி, அச்செல்லைச் சாகவிடாமலே வாங்கி உண்கிறது. இலை செத்தால் அதுவும் சாகும். ஆகையால் இலை வாழ்வதில் அதற்கும் அக்கறை உண்டு!

முயல் செடியின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது, பூஞ்சை குடியிருந்து கொல்கிறது, ஆகவே முன்னது குற்றமற்றது என்று முதலில் ஒரு விடை சொல்லத் தோன்றும். புல்லைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. புல்லின் வளர்நுனி தரையை ஒட்டி இருப்பதால் மேலே எத்தனைமுறை கடித்தாலும் அது மீண்டும் தழைக்கிறது. ஆனால் நிலக்கடலை விதைத்த உழவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். முளைவிட்டு இரண்டு இலை விரித்த செடியை முயல் நுனியோடு கடித்துவிட்டால் அதோடு செடியின் ஆயுள் முடிந்தது. துருவோ செடியை அறுவடை வரை பெரும்பாலும் வாழவிடுகிறது. அளவை வைத்துப் பார்த்தாலும் இவ்விடை நிற்பதில்லை. 1859இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலப்பிரபு வேட்டைப் பொழுதுபோக்குக்காகச் சுமார் இரண்டு டஜன் குழிமுயல்களைத் திறந்துவிட்டார். அவை பெருகிக் கண்டத்தையே மொட்டையடித்தன. 1950இல் அவற்றைக் கொல்வதற்கென்றே ஒரு வைரஸ் நோயைப் பரப்ப வேண்டியதாயிற்று. அந்நாட்டு விவசாயிக்கு முயல் சாதுப் பிராணி அல்ல. அவருக்கு அந்த ஆண்டில் அந்த நோய்க்கிருமியே நண்பன்.

விளைந்த கேட்டின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், அது உயிரின் இயல்பாக இருக்க முடியாது.

நோக்கத்தைக் கொண்டு வேறுபடுத்தலாமா? தீமை செய்ய வேண்டும் என்ற எண்ணம் முயலுக்கு இல்லை என்பது சரியே. ஆனால் பூஞ்சைக்கு மட்டும் அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? அதற்கு எண்ணுவதற்கு ஒரு நரம்பும் இல்லை. நம் சாஸ்திரங்கள் மனிதனைத் தவிர்த்த பிற பிறவிகளைப் போகயோனி என்றும் மனிதப் பிறவியைக் கர்மயோனி என்றும் பிரித்ததன் காரணம் இங்கே விளங்கும். புல்லைத் தின்னாமல் விரதம் இருக்க முயலால் முடியாது. கதிரை விட்டுவிடப் பூஞ்சையால் முடியாது. வேறு விதமாகச் செய்ய முடியாதவனிடம் தர்மம் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே குற்றமற்றமை என்பது முயலின் தனிச்சொத்து அல்ல. அது இருந்தால் இரண்டுக்கும் உண்டு.

பச்சைப் புல்லை நோக்கி

பிறகு அந்தப் புன்னகையும் அருவருப்பும் எங்கிருந்து வந்தன?

ஸ்ரீசங்கரர் பிரம்ம சூத்திர உரையின் முகப்பில் ஒரு கூர்மையான ஒப்பீட்டைச் செய்கிறார். ஓங்கிய கோலோடு வருபவனைக் கண்டால் பசு விலகி ஓடுகிறது. கைநிறையப் பசும்புல்லோடு வருபவனைக் கண்டால் அவனை நோக்கிச் செல்கிறது. கற்றறிந்த மனிதனின் அன்றாட நடத்தையும் இதிலிருந்து வேறுபட்டதல்ல என்கிறார் அவர். இனியது என்று பட்டதை நோக்கிச் செல்கிறான், இன்னாதது என்று பட்டதிலிருந்து விலகுகிறான். அதைத் தன் அறிவு என்று எண்ணிக்கொள்கிறான். வேதாந்த நூல் ஒன்றின் வாசலிலேயே பண்டிதரைப் பசுவின் பக்கத்தில் நிறுத்தும் இத்துணிவு வியக்கத்தக்கது. முயலை நோக்கி மனம் செல்வதும் பூஞ்சையிலிருந்து சுருங்குவதும் இந்த இரட்டை அசைவுதான். முயலுக்குப் பெரிய கண்கள் உள்ளன, அஞ்சுகிறது, தாய்மை உண்டு, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதாவது அது மனிதனைப் போல இருக்கிறது. பூஞ்சைக்கு முகமே இல்லை. முகமுள்ளதிடம் கருணையும் முகமற்றதிடம் கடுமையும் காட்டுவது பரவலான பழக்கமே. ஆயினும் அதற்கு அறம் என்று பெயர் சூட்டுவதற்கு முன்னால் சற்றுத் தயங்க வேண்டும்.

இந்த மயக்கத்துக்கு நெல்வயலிலேயே நல்லதொரு சான்று உண்டு. நெற்பழ நோய் என்றொன்று இருக்கிறது. கதிரில் சில மணிகள் மட்டும் உருண்டு பருத்து, மஞ்சளும் பச்சையுமான பொடி பூசியதுபோல் ஆகிவிடும். 1878இல் குக் என்ற பூஞ்சை அறிஞர் இதற்குக் காரணமான பூஞ்சையை முதன்முதலில் விவரித்தபோது அவருக்குக் கிடைத்த மாதிரி திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றது. நல்ல மழையும் ஈரமும் உள்ள செழித்த பருவத்தில் இந்நோய் மிகுதியாகத் தோன்றுவதால், விளைச்சல் அமோகமாக இருக்கும் என்பதற்கு அடையாளம் என்று கருதி மக்கள் இதற்கு லட்சுமி நோய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மணிப்பூரிலோ, நீரில் வளரும் ஒருவகைப் புல்லின் தண்டைப் பூஞ்சை தாக்கி வீங்கச்செய்தால்தான் அது நல்ல காய்கறி. ஈஷிங் கம்போங் என்று சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புல்லின் பார்வையில் அது நோய். சமையலறையின் பார்வையில் பதார்த்தம்.

தாவரத்தின் பார்வை என்று ஒன்று உண்டா என்று கேட்கலாம். எந்த விஞ்ஞானியின் பெயரைச் சிப்பூர்ப் பூங்கா தாங்கி நிற்கிறதோ, அவரே 1901 மே மாதத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில், தூண்டுதலுக்கு விலங்கின் தசை மறுமொழி தருவதைப்போல் தாவரமும் மறுமொழி தருவதைக் கருவிகளால் காட்டினார். மறுமொழி வேறு, வேதனை வேறு. முன்னது உண்டென்பதால் பின்னதும் உண்டென்று ஆகிவிடாது. ஆயினும் கடிபட்ட தளிரை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் முயலுக்கு நற்சான்று அளித்த அவசரத்தை இது கொஞ்சம் தடுக்கிறது. உண்மையில் உண்ணுதல் என்ற செயலில் முற்றிலும் குற்றமற்ற இடம் எதுவும் இல்லை. தர்ம சாஸ்திரம் இல்லறத்தானிடம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் அவன் வீட்டிலுள்ள ஐந்து கொலைக்களங்கள். அவற்றால் நேரும் உயிர்ச்சேதத்துக்குக் கழுவாயாகவே ஐவகை வேள்விகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பிற உயிர்களுக்கு உணவில் பங்கு அளிப்பது. மரக்கறி உணவு கொள்பவன் தன்னைத் தூயவன் என்று மெச்சிக்கொள்வதற்கு அந்தப் பட்டியல் இடம் தருவதில்லை. ஐந்தில் ஒன்றுகூட இறைச்சி வெட்டும் கத்தி அல்ல.

சமநோக்கும் களைக்கொட்டும்

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். முயலும் பூஞ்சையும் சமம் என்றால், பயிரில் நோய் கண்ட உழவன் கைகட்டி நிற்க வேண்டுமா? எல்லாம் பிரம்மம் என்று சொல்லிக் குலைநோய் பிடித்த நாற்றங்காலுக்கு நமஸ்காரம் செய்துவிட்டுத் திரும்புவதா?

ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய யானை நாராயணன் கதையை அறிந்தவர்களுக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. யானை நாராயணன் என்றால், விலகிப் போ என்று கத்திய பாகனும் நாராயணனே. உழவன் பயிரைக் காக்கத்தான் வேண்டும். அது அவனுக்கும், அவனை நம்பி உண்பவர்களுக்கும் அவன் ஆற்றவேண்டிய கடமை. சமநோக்கு கேட்பது வேறொன்று. எதிரி என்று பெயர் சூட்டி வெறுக்காமல், அது என்ன, ஏன் வந்தது என்று கண் திறந்து பார் என்கிறது. செம்புள்ளி நோயையே பார்க்கலாம். எல்லா வயல்களையும் அது ஒரே மாதிரி தாக்குவதில்லை. சத்திழந்த மண், சாம்பல் சத்து குறைந்த மண், நீர்த் தட்டுப்பாடு, இவை உள்ள இடத்தில்தான் அது கடுமையாகிறது. உழவியல் அறிஞர்கள் அதை வளமற்ற மண்ணின் நோய் என்றே கருதுகிறார்கள். பசித்திருக்கும் பயிரைத்தான் அது பெரிதும் வெல்கிறது. வெறுப்பு மருந்து தெளிப்பதோடு நின்றுவிடும். விவேகமோ மண்ணைத் தோண்டிப் பார்க்கும்.

இலங்கையில் 1869இல் காபிச் செடிகளில் தோன்றிய துரு நோய் இதற்கு மற்றொரு பாடம். இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காபித் தொழில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு பூஞ்சை ஒரு நாட்டின் தொழிலை விழுங்கியது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் மலைமலையாகக் காட்டை அழித்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடியை நட்டு அந்த விருந்தைப் பரிமாறியவர்கள் தோட்ட முதலாளிகள். தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் சென்ற கூலியாட்களே, காபி செழித்தபோதும் அழிந்தபோதும் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

1943

இந்த விசாரம் வெறும் அறிவுப் பயிற்சி அல்ல என்பதை ஹவுராவே உணர்த்தும். ஹூக்ளியின்மீது இன்று நிற்கும் ஹவுரா பாலம் 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் கிராமங்களிலிருந்து பட்டினியால் துரத்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகக் கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் வந்து சேர்ந்தார்கள். சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சியையே கேட்டார்கள். தெருவோரங்களிலேயே இறந்தார்கள். பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று 1945இல் உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு கணித்தது. 20 முதல் 30 லட்சம் வரை என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

குற்றவாளி யார்? 1943 அக்டோபரில் வங்காளத்தில் பூஞ்சையியலாளராகப் பொறுப்பேற்கச் சென்ற எஸ். ஒய். பத்மநாபன், வழிநெடுக ரயில் பாதையோரம் பிணங்களையும் சாகக் கிடந்தவர்களையும் கண்டார். பின்னாளில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான அவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். 1942ஆம் ஆண்டுப் பருவத்தில் செம்புள்ளி நோய் கொள்ளைநோயாகப் பரவியதையும், ஆராய்ச்சிப் பண்ணைகளில் சில நெல் ரகங்களின் விளைச்சல் 90 சதவிகிதம் வரை வீழ்ந்ததையும் அதில் எடுத்துக் காட்டினார். 1981இல் அமர்த்தியா சென் வேறு கோணத்திலிருந்து வந்தார். 1943இல் வங்காளத்திலிருந்த அரிசி, பஞ்சமில்லாத 1941ஐக் காட்டிலும் குறைவல்ல. விலை ஏறியது, கூலி ஏறவில்லை, நிலமற்ற உழைப்பாளியால் வாங்க முடியவில்லை, அதனால் செத்தான் என்பது அவருடைய வாதம். அரசாங்கத்தின் விளைச்சல் கணக்குகளே பிழையானவை, பூஞ்சையின் சேதம் அவற்றில் பதிவாகவில்லை என்று அவரை மறுத்தவர்களும் உண்டு.

இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. பூஞ்சை பொய்யல்ல. 1942 அக்டோபரில் மேதினிப்பூர்க் கடற்கரையைத் தாக்கிய புயலும் பொய்யல்ல. ஆனால் அவற்றோடு சேர்ந்து நின்றவை எவை? ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகள் அகற்றப்பட்டன. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. போர்த் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. கிடங்குகளில் நெல் பதுங்கியது. பூஞ்சை ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு. அது எதிர்வாதம் செய்யாது. சாட்சிகளை அழைக்காது. வேறு யாருடைய பெயரையும் சொல்லாது.

கிடங்கில் நெல்லைப் பூட்டியவனும் நெற்பயிரிடமிருந்தே பெற்றான். முயல் வயிறு நிறைந்ததும் நின்றுவிடுகிறது. பூஞ்சை ஈரம் வற்றினால் அடங்கிவிடுகிறது. தனக்கு இன்றைக்குத் தேவையில்லாததை, பிறருக்கு இன்றைக்குத் தேவை என்று தெரிந்தே, தெரிந்த காரணத்தாலேயே அடைத்து வைப்பது அவ்விரண்டுக்கும் கைவராத வித்தை. கொடுக்காமல் தானே உண்பவனைப் பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் கடுமையான ஒரு சொல்லால் குறிப்பிடுகிறது. அச்சொல் எந்த மிருகத்தின் மீதும் எந்தக் கிருமியின் மீதும் வீசப்பட்டதல்ல.

சொல்லின் விஷயம் வந்ததால் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒட்டுண்ணி, புல்லுருவி என்ற பெயர்கள் தாவர நூலில் மட்டும் தங்கி இருப்பதில்லை. வசையாக வெளியே வந்து மனிதர்மேல் விழுகின்றன. ஐரோப்பிய மொழிகளில் ஒட்டுண்ணியைக் குறிக்கும் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து உண்பவர் என்றே முதலில் பொருள். கோயில் விருந்தில் பங்குபெறும் கௌரவம் சிலருக்கு அப்பெயரால் இருந்தது. பிறகுதான் அது இச்சகம் பேசி வயிறு வளர்ப்பவனைக் குறிக்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நாஜிகள் ஒரு முழு இனத்துக்கு அப்பெயரைச் சூட்டினார்கள். அதன்பிறகு நடந்ததை உலகம் அறியும். உயிரியலில் ஒரு வாழ்க்கை முறையைக் குறிக்கும் சொல், மனிதன்மேல் ஒட்டப்பட்டவுடன் அவனை அகற்றிவிடலாம் என்ற அனுமதியாக மாறுகிறது. 1943 இறுதியில் வங்காள அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் இயற்றி, கல்கத்தாவின் தெருக்களில் கிடந்த பட்டினி மக்களைத் திரட்டி நகரத்தை விட்டு வெளியே அனுப்பியது. ஏடுகளில் அவர்களுக்கு ஆதரவற்றோர் என்று பெயர். நகரத்தைச் சார்ந்து உயிர்வாழ வந்தவர்களாக அவர்கள் காணப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பலர் அந்த நெல்லை நட்டவர்கள், களையெடுத்தவர்கள், அறுத்தவர்கள். யார் யாரைச் சார்ந்து உண்டார்கள் என்ற கணக்கு அங்கே தலைகீழாக எழுதப்பட்டது.

ஒரு முயலைப் பார்த்துப் புன்னகைக்கும் அதே இமைப்பொழுதில் ஒரு பூஞ்சையை வெறுக்கும் மனம், முகமுள்ளவர், முகமற்றவர் என்று மனிதரையும் அதே வேகத்தில் பிரித்துவிடுகிறது. பசியால் உருக்குலைந்த முகத்தை முகம் என்றே அது எண்ணுவதில்லை. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

விழுதுகள்

பூஞ்சைக் குலத்துக்கு வேறொரு பக்கமும் இருக்கிறது. நிலத்தில் வளரும் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேர்களோடு பூஞ்சை இழைகள் கூட்டுறவு கொண்டு வாழ்கின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து அவை மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து கொடுத்து, இலை சமைத்த சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. இதற்கு வேர்ப்பூஞ்சைக் கூட்டு என்று ஒரு பெயர் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க் என்பவரால் 1885இல் வழங்கப்பட்டது. விழுந்த இலையையும், செத்த முயலையும், உளுத்த மரத்தையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் பணியில் பாக்டீரியாக்களோடும் புழுக்களோடும் பூஞ்சைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை அப்பணியை நிறுத்திவிட்டால் முயலுக்கு அடுத்த மழைக்குப் புல் இராது.

சிப்பூர் ஆலமரத்தின் பூஞ்சைகூட நலமாயிருந்த மரத்தைத் தேடிவந்து பகைத்ததல்ல. புயல் திறந்த புண்ணில் அது குடியேறியது. வெட்டியவர்கள் செய்ததும் சரியே. அடிமரத்தை அப்படியே விட்டிருந்தால் உளுப்பு மற்ற பகுதிகளுக்கும் பரவியிருக்கும். அதற்குள் விழுதுகள் போதிய அளவு வேரூன்றிவிட்டிருந்தன. அடிமரம் போனபின்னும் மரம் போகவில்லை. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காகச் சுமார் 330 மீட்டர் நீளத்தில் அதைச் சுற்றி ஒரு பாதை போட்டார்கள். மரம் அந்தப் பாதையையும் தாண்டி வெளியே வளர்ந்துவிட்டது. 2020 மே மாதத்தில் வந்த ஆம்பன் புயல் பூங்காவில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது; ஆலமரத்தின் ஒரு பகுதியையும் முறித்தது. முறிந்த இடங்களில் ஈரம் தங்காமல், பூஞ்சை நுழையாமல் பார்த்துக்கொள்வது இப்போது தோட்டக்காரர்களின் வேலை. அவர்கள் காலையில் வந்து, ஒவ்வொரு விழுதாக நின்று பார்த்து, அடுத்ததற்குச் செல்கிறார்கள்.